வார்டு பார்க்காத 14 மாதங்கள்

வாசகர் கேள்வி: நான் 2018இல் ஒரு சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். 2ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், 2020 மார்ச் மாதத்தில், 2 நாட்களுக்குள் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன் பிறகு 14 மாதங்கள் நான் வார்டின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எல்லா வகுப்பும் கைபேசித் திரையில்தான். செய்முறைப் பதிவேட்டில் பல இடங்களில் "செய்து காட்டப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். என் அறைத்தோழி தடுப்பூசி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். வீட்டில் தாத்தாவுக்கு நுரையீரல் நோய் இருந்ததால் நான் போகவில்லை. இப்போது 3 ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். யாராவது விடுப்பு எடுத்தால் இரவுப் பணியை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து 2ஆம் ஆண்டு மாணவியருக்கு வார்டு வழிகாட்டியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கொரோனா பேட்ச்" என்று மூத்தவர்கள் விளையாட்டாகச் சொல்வது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. அரைகுறையாகக் கற்ற நான் எப்படிக் கற்பிப்பது? அன்று போகாதது தவறா? இன்னொரு பெருந்தொற்று வந்தால் இந்த மாணவியரை வீட்டுக்கு அனுப்புவது சரியாக இருக்குமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நான் ஏறத்தாழ 30 ஆண்டுகள் செவிலியர் கல்வியில் இருந்தவள். 2020இல் நான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் மாணவியரின் வார்டுப் பயிற்சிக்கு அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மார்ச் மாதத்தின் ஒரு மாலையில் அந்த அட்டவணை முழுவதையும் ரத்து செய்து கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே உங்கள் கேள்விக்கு வெளியிலிருந்து பதில் சொல்பவளாக என்னைக் காட்டிக்கொள்ள முடியாது. எங்கள் தரப்பில் நடந்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கைப்பழக்கத்தில் விழுந்த இடைவெளி. மற்றொன்று, பிறர் உழைத்தபோது நாம் வீட்டில் இருந்தோமே என்ற உறுத்தல். முதலாவதை அளக்கலாம், அளந்த பிறகு நிரப்பலாம். இரண்டாவது அப்படி அளவுக்கு அடங்குவதில்லை. நீங்களோ இரண்டாவதற்கான பரிகாரமாக முதலாவதன் மருந்தை உட்கொண்டு வருகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: கேட்டு வாங்கும் அந்த இரவுப் பணிகளால் உங்கள் கைத்திறன் நிச்சயம் கூடியிருக்கும், ஆனால் உறுத்தல் அப்படியே இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள்.

இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன். அந்த 14 மாதங்களில் எதை இழந்தீர்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால் பயத்தில் பாதி கரைந்துவிடும். உடலியங்கியலோ, மருந்தியலோ, நோய்க்கூறு இயலோ உங்களை விட்டுப் போகவில்லை. அவற்றைத் திரையில் கற்க முடியும், சிலர் வகுப்பறையைவிட நன்றாகவே கற்றார்கள், நிறுத்தி மறுபடி கேட்கும் வசதி வகுப்பறையில் இல்லையல்லவா? போனது தொட்டும் கேட்டும் முகர்ந்தும் அறிகிற பகுதி. மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான கேனுலாவைப் போடுவதற்கு முன் ஒரு ரத்த நாளத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தி விடும்போது, நல்ல நாளம் கொஞ்சம் அமுங்கி உடனே எழும்பி விரலைத் தள்ளும். தடித்துப்போன நாளமோ கயிறு போல உருளும். இந்த வேறுபாட்டை எத்தனை முறை படம் போட்டு விளக்கினாலும் விரல் கற்றுக்கொள்வதில்லை. இதய ஒலிகளைப் பதிவு செய்து அனுப்பினோம். அவற்றில் முக்கியமான கூடுதல் ஒலிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை, கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அவற்றைச் சரியாக எழுப்பாது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம். மாணவியர் "ஒன்றும் கேட்கவில்லை, அம்மா" என்று எழுதியபோது கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொண்டதும் உண்டு. இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தலையணையில் பழகச் சொன்னோம். மார்பெலும்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை அழுத்தி, ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதுமாக மேலெழ விட வேண்டும் என்பது விதி. தலையணை அமுங்கும், மேலெழுவதை உணர்த்தாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் மட்டும் அவர்களுக்குப் பழகியது.

உங்கள் பதிவேட்டில் உள்ள "செய்து காட்டப்பட்டது" என்ற அந்தச் சொற்றொடரைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதில் யார் செய்து காட்டியது, யார் பார்த்தது, மாணவி தன் கையால் செய்தாளா என்ற எதுவும் இல்லை. ஒரு கல்வியாண்டை முடித்துவைக்க நிர்வாகத்துக்குத் தேவைப்பட்ட வாக்கியம் அது. பயிற்சிப் பொம்மையில் பழகுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வார்டுப் பயிற்சி நேரத்தில் 50 விழுக்காடு வரை பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தவர்களுக்கும் வழக்கமான முறையில் பயின்றவர்களுக்கும் படிப்பின் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் பாவனைப் பயிற்சி என்பது, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வார்டைப் போன்றே அமைத்த அறை, ஒவ்வொரு முறை செய்து முடித்த பிறகும் உட்கார்ந்து "எங்கே தடுமாறினாய், ஏன் அப்படிச் செய்தாய்" என்று பேசும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன பெயர். 2020இல் எங்களைப் போன்ற பலரும் திரையில் ஒரு காணொளியை ஓடவிட்டு அதையும் அதே பெயரால் அழைத்தோம்.

ஆகையால் இந்த வாரம் ஒரு நாள் பணியில்லாத நேரத்தில் அந்தப் பழைய பதிவேட்டை எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு செய்முறைக்கும் எதிரே, கடந்த 3 ஆண்டுகளில் உங்கள் கையால், மேற்பார்வையில் செய்து, பிறகு தனியாகவும் செய்திருந்தால் ஒரு கோடு போடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் என்பதால் முடிவை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கேனுலா, சிறுநீர்க் கேத்தீட்டர், மூக்குவழி உணவுக்குழாய், சளி உறிஞ்சுதல், தமனி ரத்த மாதிரி எடுக்கையில் உதவுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் கோடு விழுந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைக்க 5, 6 பேர் சேர வேண்டும், தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் அந்த எண்ணிக்கைக்கே புரட்ட வேண்டும், பிறகு குறைந்தது 16 மணி நேரம் அந்த நிலையில் வைத்து முகத்திலும் முழங்காலிலும் அழுத்தப் புண் வராமல் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக்கு முன் படித்த பல செவிலியர்கள் தம் பட்டப் படிப்பில் பார்த்தே இராத இந்த வேலை உங்களுக்கு இன்று அன்றாடம்.

கோடு விழாமல் எஞ்சுபவை வேறு பக்கங்களில் இருக்கும் என்பது என் கணிப்பு: மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், வீடுதேடிச் செல்லும் சமூகச் செவிலியப் பணி. உங்கள் படிப்பின் 3ஆம் ஆண்டில் விழுந்த ஓட்டை அங்கேதான் இருக்கும். அந்தக் குறை உண்மையானது. நாளைக்கே அந்தப் பிரிவுகளுக்கு மாற்றலானால், தயங்காமல் அறிமுகப் பயிற்சி கேட்டுப் பெறுங்கள். ஆனால் அடுத்த மாதம் நீங்கள் கற்பிக்கப் போவது தீவிர சிகிச்சைப் பிரிவில். பயம் ஓரிடத்திலும் ஓட்டை வேறிடத்திலும் இருக்கிறது.

மூத்தவர்களின் கேலியைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. இதய மீட்பு முதலுதவி போன்ற திறன்கள் பயிற்சி இல்லாமல் விட்டால் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும் என்பது எல்லாரும் அறிந்தது. அதனால்தான் எந்த ஆண்டில் படித்தவரானாலும் அவ்வப்போது மீள்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். 2005இல் ஒழுங்காக வார்டில் நின்று கற்ற ஒருவரின் கை இன்று நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் 2005 அல்ல, சென்ற வாரம் அவர் செய்த வேலை. உங்களுக்கும் அதே கணக்குத்தான்.

"அரைகுறையாகக் கற்ற நான் எப்படிக் கற்பிப்பது?" என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் பெட்ரிசியா பென்னர் என்ற செவிலியப் பேராசிரியர் 1984இல் முன்வைத்த ஐந்து படிநிலைகளில் இருக்கிறது. புதியவர் நிலையில் தொடங்கும் செவிலியர், ஒரே வகைச் சூழலில் 2, 3 ஆண்டுகள் பணியாற்றிய பிறகு தகுதியாளர் என்ற நடுப்படியை அடைகிறார் என்பது அவருடைய கணிப்பு. நீங்கள் சரியாக அந்தப் படியில் நிற்கிறீர்கள். உச்சிப்படியில் நிற்கும் நிபுணரோ விதிகளை நினைவில் ஓட்டிப் பார்ப்பதில்லை. வார்டுக்குள் நுழைந்ததுமே "நான்காம் படுக்கை சரியில்லை" என்று சொல்லிவிடுவார். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று மாணவி கேட்டால், அவருக்கே விளக்கத் தெரியாது. உங்களுக்கோ, மூச்சு எண்ணிக்கை, உதட்டு நிறம், சிறுநீர் அளவு, மயக்க நிலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்த பாதை இன்னும் அழியாமல் நினைவில் இருக்கிறது. 2ஆம் ஆண்டு மாணவிக்குத் தேவை அந்தப் பாதைதான். உங்களை வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்த தலைமைச் செவிலியர் ஆள் பற்றாக்குறையால் மட்டும் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அப்படியே இருந்தாலும் தேர்வு தவறில்லை.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். மாணவியரைச் சிறு குழுக்களாகத் திரும்ப அழைத்த முதல் வாரம். பயிற்சி அறையின் தரையில் நிற்க வேண்டிய இடங்களை நாடாவால் ஒட்டிக் குறித்திருந்தோம். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் கிருமி நீக்கிய கையுறையை அணிந்து காட்டச் சொன்னேன். உறையைப் பிரித்தாள், முதல் கையுறையைச் சரியாக மடிப்பில் பிடித்து மாட்டினாள், இரண்டாவதை மாட்டும்போது வெறுங்கையின் கட்டைவிரல் முதல் கையுறையின் வெளிப்புறத்தில் பட்டுவிட்டது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டையும் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அம்மா, படிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் நிஜக் கையுறையை இன்றுதான் தொடுகிறேன்" என்றாள். அன்று அந்தக் குழுவில் இருந்த எட்டுப் பேரில் அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களில் சிலர் கையுறை பட்டுவிட்டதைக் கவனிக்கவே இல்லை. ஒருத்தி கவனித்தும் தொடர்ந்து செய்தாள். பிற்பாடு அவர்களில் யாரை வார்டில் தனியாக விடலாம் என்ற முடிவை நான் எடுத்தபோது, எத்தனை செய்முறைகள் தெரியும் என்ற பட்டியலைவிட அன்று பார்த்ததுதான் எனக்குப் பயன்பட்டது.

"இதை நான் இதுவரை செய்ததில்லை" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருப்பது எங்கள் தொழிலில் ஒரு செய்முறையே ஆகும். பழைய காலத்து வார்டுப் பயிற்சியில் அதற்கு இடமில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு, அக்காமார்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்து, இரவுப் பணியில் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். உங்கள் ஆண்டு மாணவியருக்குத் தெரியாதது எது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. அதனால் அதைச் சொல்லும் கூச்சம் கொஞ்சம் குறைந்தது என்பதே அந்த அலங்கோலத்தில் நான் கண்ட ஒரே நன்மை. உங்கள் மாணவியருக்கு முதல் நாளே இந்த வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். அதற்குச் சிறந்த வழி, அவர்கள் முன்னால் நீங்கள் ஒரு முறை அதை மருத்துவரிடமோ மூத்த செவிலியரிடமோ சொல்லிக் காட்டுவது.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். உங்களை வீட்டுக்கு அனுப்பியது உங்கள் மீதான அவநம்பிக்கையால் அல்ல, முழுக்கக் கருணையாலும் அல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2020 மார்ச் 17 அன்று, நோயாளிகளோடு நேரடித் தொடர்புள்ள பயிற்சிகளிலிருந்து மாணவர்களைத் தற்காலிகமாக விலக்கிவைக்கப் பரிந்துரைத்தது. உலகம் முழுவதும் சுகாதாரக் கல்வி நிலையங்கள் அந்த வாரங்களில் ஏறத்தாழ இதே முடிவை எடுத்தன. காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் வேலை செய்பவர்களுக்கே போதவில்லை. ஒரு மாணவி அணியும் ஒவ்வொரு கவசமும் ஒரு செவிலியரிடமிருந்து எடுத்ததாக இருக்கும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதும் அப்போது முழுமையாகத் தெளிவாகவில்லை. மேற்பார்வையிட வேண்டிய மூத்தவர்களே நாளுக்கொரு புதிய நெறிமுறையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த முடிவை எடுத்தவர்கள் மனத்தில் 2003ஆம் ஆண்டும் இருந்தது. அந்த மார்ச் மாதம் ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் நிமோனியாவோடு ஒருவர் சேர்க்கப்பட்டார். அது சார்ஸ் என்ற கொடிய சுவாசத் தொற்று என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வார்டுக்கு வழக்கமான படுக்கையருகுப் பாடத்துக்காகச் சென்ற மருத்துவ மாணவர்களில் 66 பேரைப் பின்னர் ஆராய்ந்தார்கள். அவர்களில் 16 பேருக்கு நோய் தொற்றியிருந்தது. அந்த நோயாளி இருந்த தடுப்புக்குள் போனவர்களுக்குப் போகாதவர்களைக் காட்டிலும் சுமார் 7 மடங்கு ஆபத்து இருந்தது. அவர்கள் வீரம் காட்டப் போனவர்கள் அல்லர். பாடம் கேட்கப் போனவர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, அங்குள்ள பிளெக்டம் மருத்துவமனையில் சுவாசக் கருவிகள் மிகச் சில. கருவியில் வைத்தவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை: தொடக்க வாரங்களில் 31 பேருக்கு 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் செய்து காட்டினார். பையை அமுக்க ஆள் வேண்டுமே? மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து மொத்தம் 1,65,000 மணி நேரம் அந்தப் பைகளை அமுக்கினார்கள். இன்று நீங்கள் வேலை செய்யும் தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அந்த மாணவர்களின் கைகளில் பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாணவர்கள் போனார்களா போகவில்லையா என்பதைவிட, போனவர்களுக்கு என்ன வேலை தரப்பட்டது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் கற்கக்கூடிய ஒரே ஒரு வேலை இருந்தது, பக்கத்தில் மேற்பார்வை இருந்தது, அந்த வேலை இல்லாவிட்டால் நோயாளி அந்த நிமிடமே இறந்துவிடுவார் என்ற தெளிவு இருந்தது. 2020 மார்ச்சில் உங்களுக்குத் தர எங்களிடம் அப்படி ஒரு வேலை தயாராக இல்லை. அது எங்கள் குறை. பின்னர், தடுப்பூசி வந்த பிறகு, அப்படிப்பட்ட வேலைகள் உருவாயின. உங்கள் தோழி போனார். நீங்கள் வீட்டில் நுரையீரல் நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு, நோய்த்தொற்றைக் கொண்டுவரும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் போகாமல் இருந்தீர்கள். ஒரு செவிலியராக இன்று உங்களிடம் அதே நிலையில் உள்ள மாணவி யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "தாத்தாவை யார் பார்ப்பார்கள், தனி அறை இருக்கிறதா, அவருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விகளைத்தான் அன்று நீங்களே உங்களிடம் கேட்டுக்கொண்டீர்கள்.

உங்கள் தோழியோடு இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசிப் பாருங்கள். போன மாணவியரில் பலர் என்னிடம் வந்து சொன்னது, போகாதவர்கள் கற்பனை செய்துவைத்திருப்பதைப் போல இருந்ததில்லை. வெயிலில் வரிசையை ஒழுங்குபடுத்தியதும், பெயர் விவரங்களைக் கணினியில் ஏற்றியதும், ஊசி தீர்ந்துபோன நாட்களில் வசவு வாங்கியதும்தான் அதிகம். அவர்களுக்கும் ஓர் உறுத்தல் இருந்தது: "பெரிய வேலை ஒன்றும் செய்யவில்லையே, அம்மா." தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்களுக்கோ, இன்னொருவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற உறுத்தல். உறுத்தல் இல்லாத ஒருவரையும் அந்த ஆண்டில் நான் சந்திக்கவில்லை, என்னையும் சேர்த்து. ஆனாலும் அது தூக்கத்தைக் கெடுத்தால், விடுப்பு எடுப்பதே குற்றம் போல் தோன்றினால், அதைப் பொதுவான சங்கடம் என்று தள்ளிவிடாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். எதற்கும் இந்த மாதம் கேட்டு வாங்கும் இரவுப் பணிகளை நிறுத்திவிடுங்கள். களைத்த வழிகாட்டியிடம் மாணவியர் கேள்வி கேட்கவே அஞ்சுவார்கள்.

கடைசிக் கேள்வி: மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தால்? எல்லாரையும் 2 நாட்களில் வீட்டுக்கு அனுப்பியதை நான் மறுபடி செய்ய மாட்டேன். சம்பளமில்லாத கைகளாக வார்டில் இறக்கிவிடவும் மாட்டேன். பிரிட்டனில் செவிலியர் மன்றம் 2020இல் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: படிப்பின் கடைசி 6 மாதங்களில் இருந்த மாணவியர், விரும்பினால் மட்டும், ஊதியத்தோடு மருத்துவமனைப் பணியில் தங்கள் பயிற்சியை முடிக்கலாம் என்றார்கள், முதலாண்டு மாணவியரைப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தாலியிலும் அந்த மார்ச்சில் மருத்துவப் பட்டதாரிகள் தனியான தகுதித் தேர்வு இல்லாமலே பணியில் சேர வழிசெய்தார்கள். அதாவது, மாணவர் என்று பொத்தாம்பொதுவாகப் பேசாமல், யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், அவர் கை எதைச் செய்யும் என்று பார்த்தார்கள். விரும்பினால் என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வராதவர்களுக்கு மதிப்பெண் குறையும் என்ற பேச்சு விடுதி வராந்தாவில் ஒருமுறை கிளம்பிவிட்டால் பிறகு எந்தச் சம்மதப் படிவத்துக்கும் பொருளில்லை. தங்கும் இடம், காப்பீடு, நோயுற்றால் சிகிச்சை, பெயர் சொல்லி ஒரு மேற்பார்வையாளர் ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாமல் ஒரு மாணவியைக்கூட அனுப்பக் கூடாது.

சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் என்பது வார்டு மட்டுமில்லை என்பதையும் அன்று மறந்துவிட்டோம். ஆய்வக நுட்பப் பிரிவு மாணவர்கள் மாதிரிகளைப் பதிவு செய்து பிரிக்கலாம். மருந்தியல் மாணவர்கள் இருப்புக் கணக்கைப் பார்க்கலாம். இயன்முறை மாணவர்கள் வீடு திரும்பியவர்களுக்குத் தொலைபேசியில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம். பார்வையாளர் அனுமதி இல்லாத நாட்களில், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று குடும்பத்துக்குத் தினமும் ஒருமுறை சொல்ல ஒரு குரல் இல்லாமல் தவித்தோம். அந்தக் குரலாக இருக்க ஒரு 2ஆம் ஆண்டு மாணவியால் முடிந்திருக்கும், ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தால்.

அப்படியொரு நாளுக்காக உங்கள் கையில் இப்போதே இருக்கும் வேலை ஒன்று உண்டு. கவச உடை அணிவதை எல்லாரும் ஆர்வமாகக் கற்பிக்கிறார்கள். கழற்றுவதைக் கடைசி 5 நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கிருமி கையில் ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். களைப்பு, வேர்வை, கழிப்பறைக்குப் போகும் அவசரம் எல்லாம் அந்த நேரத்தில்தான் சேரும். மாணவியரை இருவர் இருவராக நிறுத்தி, ஒருத்தி கழற்ற மற்றொருத்தி பார்த்துச் சொல்லட்டும்: கையுறை, அங்கி, கண்ணாடி, இடையிடையே கைச்சுத்தம், முகக்கவசம் மட்டும் அறைக்கு வெளியே வந்த பிறகு கடைசியில். உங்கள் மருத்துவமனை நெறிமுறையில் வரிசை சற்று மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கையுறையின் மேல் ஒளிரும் பொடியோ சாதாரண வண்ணமோ தடவிவிட்டால், எங்கே பட்டது என்று அவர்களுக்கே தெரியும். மணிக்கட்டும் கழுத்தும் தவறாமல் அகப்படும்.

முதல் நாள் காலையில் இதிலிருந்தே தொடங்கலாம். எல்லாருக்கும் முன்னால் முதலில் நீங்கள் கழற்றிக் காட்டுங்கள், வண்ணத்தோடு. உங்கள் மணிக்கட்டிலும் ஒரு புள்ளி இருந்தால் துடைத்துவிடாமல் அவர்களிடம் காட்டுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வேளை வரும்போது, "செய்து காட்டப்பட்டது" என்று எழுதாமல், தேதியும் நேரமும் போட்டு, "மேற்பார்வையில் தானே செய்தாள், இரண்டாம் முயற்சியில் சரி" என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பதிவேட்டில் அதற்கு இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.